வண்டிக் கூரையில் விபூதிப் பட்டை

ஓடுகிற வண்டிக்குள் வீட்டுக் கரண்ட்டைக் கொண்டுவந்து வைப்பதுதான் என் தொழில். வேனுக்குள் கட்டில், அடுப்பு, ஃபேன் எல்லாம் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்களே, அந்த வண்டிகளின் கூரையில் சோலார் பேனலைப் பூட்டி, சீட்டுக்கு அடியில் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் வைத்துக் கொடுப்பேன். இன்வெர்ட்டர் 'கீ... கீ...' என்று கத்த ஆரம்பித்ததும், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் என்னவோ நாம்தான் கரண்ட்டைத் தின்றுவிட்டதுபோல நம் முகத்தையே பார்ப்பார்கள் இல்லையா? அந்தப் பார்வையை ஒரு முறையாவது வாங்கியவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் ஒரு தகர ஷெட்தான் என் கடை. என் பெயர் யாருக்கும் தெரியாது. 'பேட்டரி பாய்' என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள். இன்றைக்குப் பேனலில் கொஞ்சம் தூசி படிந்தாலும் கஸ்டமர் கையில் இருக்கிற போனே அதைச் சொல்லிவிடுகிறது. நான் ஆரம்பித்த நாட்களில் எதுவாக இருந்தாலும் மனுஷன்தான் மனுஷனுக்குச் சொல்ல வேண்டும். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலிலேயே சொல்ல மனசு வரவில்லை.

வீட்டுக்கு இரண்டு பட்டியல்

வண்டியில் கை வைப்பதற்கு முன்னால், உள்ளே என்னென்ன ஓடப்போகிறது என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். அதை வைத்துத்தான் எத்தனை பேட்டரி, எத்தனை பேனல் என்று முடிவு செய்ய முடியும். என் முதல் கஸ்டமர் வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருந்த ஏழுமலை. பிள்ளைகளின் லீவு நாட்களில் ஊர் சுற்றுவதற்காக ஒரு பழைய வேனை வாங்கியிருந்தார். பட்டியல் கேட்டேன். "ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனு, போன் சார்ஜரு. அவ்ளோதான் பாய்" என்றார். நானும் நம்பி, அதற்கு ஏற்ற மாதிரி சின்ன இன்வெர்ட்டராக மாட்டி அனுப்பினேன்.

மறு வாரமே வண்டி என் கடை வாசலில் வந்து நின்றது. ஏலகிரி அடிவாரத்தில் அவர் மனைவி மல்லிகா சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டிருக்கிறார். மிக்ஸி ஒரு சுற்று சுற்றியதும் லைட், ஃபேன் எல்லாம் சேர்ந்து படுத்துவிட்டன. நான் மல்லிகாம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து, ஏழுமலையை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, இன்னொரு பட்டியல் எழுதினேன். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மாமியாருக்கு வெந்நீர் வைக்கிற கெட்டில், பெண்ணுக்குத் தலை காயவைக்கிற மெஷின் என்று தாளின் பின்பக்கம் வரைக்கும் போனது. அன்றிலிருந்து ஐயாவிடம் ஒரு பட்டியல், அம்மாவிடம் ஒரு பட்டியல் என்பது எங்கள் கடைச் சட்டம். டீ குடித்துவிட்டு வந்த ஏழுமலை தாளைப் பார்த்து வாயைப் பிளந்தார். மல்லிகாம்மா என்னிடம் சொன்னார்: "இவரு சொன்னத வெச்சி வண்டி செஞ்சீங்கன்னா, அந்த வண்டியில இவரு மட்டுந்தான் போவணும்."

புளிய மரத்தடி

பெரிய இன்வெர்ட்டர் மாட்டிய பிறகு அதே குடும்பம் மறுபடியும் கிளம்பியது. இரண்டாம் நாள் ஏழுமலையிடமிருந்து போன். பேட்டரி ஏறவே மாட்டேன் என்கிறதாம். வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "சூப்பர் எடம் பாய். நல்லா பெரிய புளிய மரம். ஒரு பொட்டு வெயிலு உள்ள வராது" என்று பெருமையாகச் சொன்னார்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நம் ஊர் வெயிலில் பிறந்து வளர்ந்தவன் வண்டியை வேறு எங்கே நிறுத்துவான்? நானே என் ஸ்கூட்டருக்கு நிழல் தேடி நாலு கடை தள்ளிப் போகிற ஆள்தான். பேனலுக்கு வெயில்தான் சோறு, வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளுங்கள் என்று விளக்கினேன். எதிர்ப் பக்கம் கொஞ்ச நேரம் ஏதோ பேச்சு நடந்தது. போன் மல்லிகாம்மா கைக்கு மாறியது. "அப்போ வண்டி வெயில்ல நிக்கணும், நாங்க மரத்தடியில உக்காரணும். இதுக்கு ஒரு ஜமக்காளத்த சுருட்டிக்கினு நாங்க பஸ்லயே வந்திருப்போமே பாய்?"

தறிக்காரர் பார்த்த ஒயர்

பிள்ளையார்பாளையத்து நடராசன் பட்டுத்தறி நெய்கிறவர். மாலையில் என் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்கு சைக்கிளில் வருவார். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நான் செய்கிற வண்டிக்குள் தலையை நீட்டிப் பார்ப்பார். ஒரு நாள் சீட்டுக்கு அடியில் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று ஒயர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. வேலை செய்கிறது, போதாதா என்பது அப்போது என் கொள்கை. அவர் டம்ளரைக் கீழே வைத்தார், வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார், ஒவ்வொரு ஒயராகப் பிரித்து, தறியில் பாவு நூலை விரிப்பதுபோல வரிசையாகப் படுக்க வைத்தார். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. இறங்கும்போது சொன்னார்: "ஒரு இழை அறுந்தா, அது எங்கேர்ந்து வருதுன்னு கண்ண மூடிக்கினு சொல்லணும் பாய். உன்னுதுல அறுந்துச்சின்னா நீ வண்டியத்தான் மாத்தணும்."

ஒரே ஒரு மெஷின்

தணிகாசலம் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். நெற்றி நிறைய விபூதி, அளந்து பேசுகிற வாய். அவரும் அவர் மனைவி சரோஜாவும் ஒரு பழைய வேனோடு வந்து இறங்கினார்கள். கடைச் சட்டப்படி இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பட்டியல் கேட்டேன். என் அனுபவத்தில் முதல் முறையாக இரண்டு பட்டியலும் ஒன்றாக இருந்தன. இரண்டிலும் இருந்தது ஒரே ஒரு மெஷின்தான்.

சரோஜாம்மாவுக்கு நுரையீரலில் கோளாறு. பகலில் மெதுவாக நடப்பார், பேசுவார். ஆனால் படுத்தால் ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும், குழாயை மூக்கில் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த மெஷின் வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த நாலு வருஷமும் அவர் வீட்டைத் தாண்டி ஓர் இரவு தங்கியதில்லை. வேதாரண்யத்தில் அவருடைய அக்கா இருக்கிறார். அந்த அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போய் பஸ்ஸிலோ ரயிலிலோ உட்கார முடியாது. அக்கா வர முடியாது, தங்கை போக முடியாது. போனில் இரண்டு பேரும் அழுதது போதும் என்றுதான் தணிகாசலம் தன் ரிட்டையர்மெண்ட் பணத்தில் இந்த வேனை வாங்கியிருக்கிறார்.

மூன்று பேனல், இரண்டு பெரிய பேட்டரி வைத்தேன். ஓடும்போது இன்ஜினிலிருந்தே பேட்டரியை ஏற்றுகிற இணைப்பு அன்று எனக்குத் தெரியாது. வெயில், இல்லாவிட்டால் யார் வீட்டு ப்ளக்காவது, அவ்வளவுதான் வழி. அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் கூடவே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடை வாசலிலேயே மூன்று நாள் வண்டியை நிறுத்தி, மெஷினை ஓட விட்டுப் பார்த்தோம். அந்த மூன்று நாளும் சரோஜாம்மா வண்டிக்குள் கட்டிலில் உட்கார்ந்து, என் மனைவி ஷமீம் அனுப்பிய சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, ரோட்டில் போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிடச் சந்தோஷமான முகத்தை என் கடையில் நான் பார்த்ததில்லை. மூன்றாம் நாள், எல்லாம் திருப்திதானா அம்மா என்று கேட்டேன். "எங்க அக்கா வூட்டுக்குப் போய் சேர்ற வரைக்கும் ஓடுனா போதும் பாய். திரும்பி வர்றது இவரு பாடு" என்றார்.

மாகறலில் ஒரு வெள்ளிக்கிழமை

மாகறல் சிவன் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. ஆனி மாதம், காலை நேரம். நீங்களும் கட்டாயம் வரணும் என்று தணிகாசலம் கூப்பிட்டிருந்தார், போனேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம், முன்னால் மாலை. எல்லாம் முடிந்து குருக்கள் உள்ளே போனதும் தணிகாசலம் ஒரு கிண்ணத்தோடு பின்பக்க ஏணியில் ஏறினார். விபூதியையும் சந்தனத்தையும் ஒன்றாகக் குழைத்து வைத்திருந்தார். மூன்று பேனலிலும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கை அகலத்துக்கு மூன்று மூன்று பட்டை போட்டார். நடுவில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு. கீழே நின்று பார்த்த நான் மறைந்த வரிசைகளை எண்ணினேன். பேனலில் ஒரு வரிசை மறைந்தாலே கரண்ட் பாதியாகும். இவர் ஒவ்வொன்றிலும் மூன்று வரிசையை அடைத்துவிட்டார்.

ஒரு ஈரத்துணி போதும். ஆனால் சாமி பேரைச் சொல்லி அவர் போட்ட பட்டையைத் துடைக்கச் சொல்கிற வாய் என்னுடையதாக இருக்க வேண்டுமா? நான் துலுக்கன். அவர் என்னைக் கூடப் பிறந்தவன்போல நினைத்துக் கோயில் வாசல் வரைக்கும் கூட்டிவந்திருக்கிறார். தப்பாக எடுத்துக்கொண்டால்? புளிய மர நிழலை விட்டு வெளியே வாருங்கள் என்று அதட்டியவன் இங்கே வாயை மூடிக்கொண்டு பொங்கலை வாங்கித் தின்றேன். காற்றிலும் மழையிலும் தானாகப் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டு ப்ளக்கில் சொருகியே வைத்திருந்ததால் பேட்டரி குறைந்ததும் தெரியவில்லை. பேனலிலிருந்து எவ்வளவு கரண்ட் வருகிறது என்று காட்டுகிற சின்னத் திரையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் நான் அவருக்குச் சொல்லித் தரவில்லை. சொன்னால் ஏன் குறைகிறது என்று கேட்பாரே.

ஷமீமிடம் மட்டும் சொன்னேன். "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று ஆறு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்றேன். அவர்கள் வேதாரண்யம் கிளம்பிய அன்று உருதுவில் ஒன்று கேட்டாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அந்த அம்மா உங்க மரியாதையிலயா மூச்சு விடப்போறாங்க, மெஷின்லயா?"

வேதாரண்யத்திலிருந்து ஒரு போன்

அவர்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், பகல் பன்னிரண்டு மணி இருக்கும். தணிகாசலம் போன் செய்தார். பின்னால் இன்வெர்ட்டர் கத்துவது எனக்கே கேட்டது.

"பாய், இது கத்திக்கினே இருக்குது. முந்தா நேத்து ஆடிக் காத்துல இங்க போஸ்ட்டு சாஞ்சி தெருவுக்கே கரண்ட் இல்ல. இன்னும் ரெண்டு நாளு ஆவும்ன்றாங்க. பேட்டரி ராத்திரியே அடி மட்டத்துக்கு வந்துடுச்சி. சிலிண்டரு மூணு மணி நேரந்தான் தாங்கும். சாப்ட்டதும் கெளம்பி, கரண்ட்டு இருக்கிற டவுனா பாத்து நின்னு, அப்படியே ஊரு வந்து சேர்றோம். உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாம்னுதான்."

"வெயில் எப்படிண்ணா இருக்கு?" என்றேன், தெரிந்துகொண்டே.

"வெயிலா? மண்டைய பொளக்குது. அதான் எனக்கும் புரியல."

அப்போது அவருக்குப் பின்னால் ஒரு வயதான பெண் குரல் கேட்டது. சரோஜாம்மாவின் அக்கா. "முந்தாநாள்தானே வந்தே. அதுக்குள்ள போறேங்கிறியே" என்று யாரையோ பார்த்துச் சொன்னது அந்தக் குரல். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"அண்ணா, பேனல் மேல விபூதி போட்டிருக்கீங்களே, அதைத் துடைக்கணும். அதுதான் வெயிலை மறைக்குது. எனக்கு மாகறல்லயே தெரியும். சொல்ல வாய் வரலை."

அந்தப் பக்கம் இன்வெர்ட்டர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. "மாகறல்லயேவா?" என்றார். மாகறல்லயேதான் என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஏணிப் பக்கம் போனார். சரோஜாம்மா மெல்ல மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "வேற எதனா சொல்லாம வெச்சிருக்கீங்களா பாய்?"

இல்லம்மா என்றேன். வெயிலிலிருந்து எத்தனை ஆம்பியர் கரண்ட் ஏறுகிறது என்று உள்ளே திரையில் ஒரு எண் காட்டும், அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றேன். ஒன்பது என்றார். அக்கா ஒரு பழைய துணியை நனைத்துக் கொடுக்கிறார், இவர் மேலே ஏறிவிட்டார் என்று எனக்கு நடப்பதைச் சொன்னார். ஆறு வெள்ளிக்கிழமைப் பூச்சு, சீக்கிரத்தில் வருமா? இரண்டு நிமிஷம் கழித்து "பதினேழு" என்றார். அப்புறம் "இருவத்தி நாலு பாய்." குரல் மாறியது. "முப்பத்தி ரெண்டு! அக்கா, முப்பத்தி ரெண்டாம்!" என்ன முப்பத்திரண்டு என்று அந்த அக்காவுக்குத் தெரியாது, ஆனாலும் "அப்படியா!" என்று அவரும் சந்தோஷப்பட்டது எனக்குக் கேட்டது. நான் காஞ்சிபுரத்தில் என் தகர ஷெட்டுக்குள் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்த வெயில் இரண்டு மணி நேரம் ஏறினாலே மெஷினைத் தைரியமாகப் போடலாம், சாயங்காலம் வரை ஏறினால் ராத்திரிக்குப் போதும், கிளம்ப வேண்டாம் என்று சொன்னேன்.

கீழே இறங்கி வந்து போனை வாங்கிய தணிகாசலம் சொன்னார்: "சூரியனும் சாமிதானே பாய்? அவரு மூஞ்சிக்கு நேராவே கைய வெச்சி மறைச்சிருக்கேன். அன்னிக்கே சொல்லியிருந்தா என் நெத்தியில மட்டும் போட்டுக்கினு போயிருப்பேன்."

ஒரு சாண் தகடு

அவர்கள் ஊர் திரும்பிய மறுநாள் வண்டி என் கடைக்கு வந்தது. என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டேதான் நின்றேன். அவர் வேதாரண்யத்து உப்பு ஒரு பொட்டலத்தை ஷமீமுக்கு என்று கொடுத்தார். நான் ஏற்கெனவே ஒரு அலுமினியத் தகடு வெட்டி வைத்திருந்தேன். ஒரு சாண் அகலம், பேனல் நீளம். அதைக் கூரையில் பேனல்களுக்கு முன்னால் திருகி, "அண்ணா, இது உங்க இடம். வெள்ளிக்கிழமை இதுல போடுங்க. இதுல எவ்வளவு போட்டாலும் கரண்ட் குறையாது" என்றேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் அங்கேயே ஏறி ஒரு பட்டை போட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

அதற்குப் பிறகு என் கடையிலிருந்து போகிற எந்த வண்டியிலும் அந்த ஒரு சாண் தகடு இருக்கும். அதில் சிலுவை வரைந்தவர்கள் உண்டு, பிறை வரைந்தவர்கள் உண்டு, பேரக்குழந்தையின் பெயரை எழுதியவர்கள் உண்டு. ஏழுமலை தன் ரைஸ் மில் பெயரை எழுதி, மல்லிகாம்மாவிடம் திட்டு வாங்கினார். எதற்காக இந்தத் தகடு என்று கேட்கிறவர்களிடம் நான் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் எதையும் நான் உள்ளே வைத்துக்கொள்வதில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் தணிகாசலமும் சரோஜாம்மாவும் வந்தார்கள். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. சும்மாதான் வந்தோம் என்றார் அவர். சரோஜாம்மா என் ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். போன மாசம் அக்கா போய்விட்டார் என்றார். காரியத்துக்கும் அதே வண்டியில் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார்கள். டீ சொல்லட்டுமா அம்மா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு கெளம்பாம ஏழு நாளு எங்க அக்கா பக்கத்துலயே படுத்து பேசிக்கினு இருந்தேன் பாய். நீங்க இன்னும் அரை நாளு மரியாத பாத்திருந்தீங்கன்னா, அதுல அஞ்சி நாளு எனக்கு இல்ல."

பேட்டரி தீர்ந்ததும் நியாயமாகக் கத்துகிற இன்வெர்ட்டரைத்தான் நாம் எல்லோரும் இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம், தெரிந்தும் கத்தாமல் நின்ற பேட்டரி பாயை விட்டுவிட்டு.